கிரேன் அன்புசெல்வனின் நல்ல ரத்தம்

டப்ளினில் ஒரு பொங்கல் கூட்டத்தில், காகிதத் தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு நின்றிருந்த பொன்னேரிக்காரர் எனக்கு ஒரு செய்தி சொன்னார். அவருக்கு அவருடைய மச்சினர் சொன்னது. மச்சினருக்கு ஷேர் ஆட்டோவில் யாரோ சொன்னது. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில், ஒரே பாட்டிலிலிருந்து கொரோனா ஊசி போட்டுக்கொண்ட நாலு பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஒரே அளவுக்கு ஏறிவிட்டதாம். கூடவும் இல்லை, குறையவும் இல்லையாம்.

"இதுக்கு மேல என்னங்க ப்ரூஃப் வேணும்?" என்றார்.

நான் பொங்கலில் முந்திரி தேடிக்கொண்டிருந்தேன். அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும். ஊசிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாலு பேரும் ஒரே ஆள். என் அக்கா புருஷன்.

அன்புசெல்வன் என் அத்தை மகன். அக்கா தமிழ்செல்வியைக் கட்டியதால் எனக்கு மாமா ஆனவர் இல்லை, பிறந்ததிலிருந்தே மாமாதான். என் அப்பாவும் அவருடைய அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்தவர்கள், இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போனார்கள். அப்பா செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடினார், பிடித்தார், ஜன்னலோரம் இடமும் கிடைத்தது, உட்கார்ந்து இறந்துபோனார். ஓடினதால் என்றார்கள். அத்தை முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது போனார். உட்கார்ந்ததால் என்று யாரும் சொல்லவில்லை. கண் பட்டுவிட்டது என்றார்கள். எங்கள் குடும்பத்தில் சீக்கிரம் போவதை ஒரு பழக்கம் போலத்தான் எடுத்துக்கொண்டோம்.

மாமா ஐடிஐ முடித்துவிட்டு, கம்பெனியில் பழைய இரும்பு பிரிக்கும் வேலைக்குப் போனார். ஒருநாள் கிரேன் ஓட்டுபவர் வரவில்லை. கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது, டன் கணக்கில் தூக்கும். ஆனால் அதற்கு ஏறிப்போகும் ஏணி ஓர் ஆளைத் தாங்குமா என்று போர்மேனுக்குச் சந்தேகம் இருந்தது. அதனால் இருந்தவர்களிலேயே ஒல்லியான ஆளை ஏற்றிவிட்டார். ஏறிய மாமா இறங்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் கிரேன் அன்பு.

தரையில் மாமாவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிக்கத் தெரியாது. பஸ்ஸில் அவர் காலை மிதித்தவர்களிடம் அவரே மன்னிப்புக் கேட்பார். மேலே கேபினில் உட்கார்ந்துவிட்டால், கீழே ஒரு சூப்பர்வைசர்கூட அவர் கொக்கியைப் பார்க்காமல் ஒரு எட்டு வைக்க முடியாது. கீழே நின்று கையால் சிக்னல் காட்டும் பாக்கியராஜ் சொல்வார்: "அவன் கொக்கி எறக்குனா குழந்தைய தொட்டில்ல போடற மாதிரி இருக்கும்."

ஏறுமுன் போனை ஏணியடியில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கம்பெனி விதி. அதனால் மாமா போனை எடுக்கவில்லை என்றால் மேலே இருக்கிறார் என்று அர்த்தம். இதை எங்கள் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

அவருக்குப் பெருமை என்று இருந்தது இரண்டு. ஒன்று கிரேன். இன்னொன்று அவருடைய ரத்தம். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ரத்ததான முகாமில் கொடுத்த பேட்ஜைக் கல்யாணச் சட்டையில் குத்திக்கொண்டு என் கல்யாணத்துக்கு வந்தார். "நம்ம ரத்தம் நல்ல ரத்தம், குணா," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். என் முழுப் பெயர் குணசுந்தரி. அதை முழுசாகக் கூப்பிட்டால் அவர் கோபமாக இருக்கிறார் என்று பொருள்.

ஊரடங்கு வந்தபோது அவர்கள் மகள் அருணாவுக்கு ஏழு முடிந்து எட்டு. கம்பெனி கொஞ்ச நாள் மூடியது, பிறகு பாதி ஆட்களோடு திறந்தது. பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை. அருணா தரையில் குப்புறப் படுத்து, இரண்டு முழங்கையையும் ஊன்றி, அக்காவின் போனில் இரண்டாம் வகுப்பு படித்தாள். மூன்றாம் வகுப்பும் அப்படியே. தெருவில் ஓடினால் யாராவது கத்தினார்கள், அடுத்த வீட்டுக்குப் போனால் அவர்களும் கத்தினார்கள். சாப்பிட்டாள், படுத்தாள், போன் பார்த்தாள். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். மற்ற பிள்ளைகளுக்குத் தொப்பை போட்டது. அருணாவுக்குக் கன்னம் மட்டும் கொஞ்சம் வைத்தது.

முழங்கையில் மஞ்சளாகப் புடைப்பு வந்தது அப்போதுதான். இரண்டு கையிலும், சுண்டைக்காய் அளவு. வலிக்கவில்லை. ஊன்றி ஊன்றிக் காய்த்துப்போச்சு என்று அக்கா முடிவு செய்தாள். தெருவில் இரண்டு மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, ஆமாம், ஆன்லைன் கிளாஸ் காய்ப்புதான் என்றார்கள். அக்கா முழங்கைக்குக் கீழே தலையணை போட்டாள். விளக்கெண்ணெய் தடவினாள். கடைசியில் வெண்ணெய் தடவினாள். வீடியோவில் நான் வாரா வாரம் பேசினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அருணாவின் நெற்றியும், அதற்கு மேலே சுற்றும் மின்விசிறியும்தான்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு பரிசோதனைக்கு வந்த ஒரு பெண் டாக்டர், அருணாவின் முழங்கையைத் தொட்டார், குதிகாலுக்கு மேலே நரம்பைத் தொட்டார். பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவை வரச்சொல்லி, "நீயும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?" என்றார்.

"அத்தை பையன் மேடம்."

"ரெண்டு வருஷம் முன்னாடியே பாத்திருக்கணும்."

"ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்கூலே இல்லியே மேடம்" என்றாள் அக்கா.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கெட்ட கொழுப்பு ஐந்நூறைத் தாண்டி இருந்தது. அக்கா ஊரடங்கின் மேல் பழி போட்டாள், முட்டையின் மேல் போட்டாள், பாக்கெட் முறுக்கின் மேல் போட்டாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் கொஞ்சம் ஏறியிருக்கலாம், ஆனால் இது பிறக்கும்போதே வந்தது என்றார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் இவ்வளவு இருக்காது, அப்பா அம்மா இரண்டு பக்கமும் இருந்தால்தான் இப்படி வரும். தினமும் மாத்திரை, ஒருநாளும் விடக்கூடாது. நெஞ்சை வருஷா வருஷம் பார்க்க வேண்டும். பெற்றவர்கள் இருவரும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

அங்கே பெஞ்சில் சோழவரத்துப் பெண்ணொருத்தி, கெங்கம்மாள் என்று பெயர், தன் மகனோடு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கும் இதேதான், முன்னமே தெரியும். ஊரடங்கில் மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். "ஆஸ்பத்திரிக்கும் போவ முடியல. புள்ள ஊட்டுக்குள்ளயே தான கீறான், வெளிய சுத்தல, இன்னாத்துக்கு மாத்திரைன்னு உட்டுட்டேன். இப்ப திட்றாங்கோ," என்றாளாம். அக்கா இதை என்னிடம் சொன்னபோது, அவளுக்கு அது சரியான நியாயமாகவே பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

அக்கா ரத்தம் கொடுத்தாள். அதிகம். நான் இங்கே டப்ளினில் கொடுத்தேன். அதிகம். அன்றிலிருந்து நானும் மாத்திரை போடுகிறேன். மாமாவிடம் கேட்டபோது, "கம்பெனில எடுத்தாங்க. நல்லாத்தான் கீது," என்றுவிட்டார். டாக்டர் புருவத்தைச் சுருக்கினாராம். அப்படியென்றால் கணக்கு சரியாக வரவில்லையே என்றாராம். அக்கா மட்டும் அதை நம்பினாள். இதெல்லாம் தன் உடம்பிலிருந்துதான் போனது என்று ஒரு வருஷத்துக்கு மேல் அழுதுகொண்டிருந்தாள்.

கம்பெனியில் எடுத்தார்கள் என்பது உண்மை. எடுத்த விதம்தான் வேறு.

வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து லேப் ஆட்கள் கேன்டீனில் மேஜை போட்டு உட்காருவார்கள். பெயரைக் கூப்பிட்டால் போய்க் கையை நீட்ட வேண்டும். உலைப் பக்கம் வேலை செய்பவர்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் அங்கிருந்து மாற்றிவிடுவார்கள். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் பெயரில் சர்க்கரை இல்லாதவர் போய்க் கை நீட்டுவது அங்கே வழக்கம். யாரும் அதை ஏமாற்று என்று நினைப்பதில்லை. ஷிப்டு மாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு உதவி. நல்ல ரத்தம் என்று பெயர் எடுத்தவர் மாமா. கொரோனா காலத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டதும் வேலை சுலபமாகிவிட்டது. கொரோனா அடங்கிய பிறகும் கேன்டீனில் மாஸ்க் போகவில்லை, ஊசி குத்துகிறவர் கண்ணாடியில் ஆவி படிந்துதான் உட்கார்ந்திருப்பார். அருணாவின் நோய் தெரிந்த மறுவருஷம் நடந்த பரிசோதனையிலும் மாமா முதலில் தன் பெயருக்குப் போனார். அப்புறம் பாக்கியராஜ். அப்புறம் உலைப் பக்கத்துப் பென்னி. கடைசியாக சூப்பர்வைசர் வீரராகவன் சார். வலது, இடது, மறுபடி வலது, மறுபடி இடது. வெளியே வந்து ஒரு டீ குடித்தார்.

அந்த வருஷம் முதல்முறையாகக் கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தது கம்பெனி. அதை யாரும் மாமாவுக்குச் சொல்லவில்லை.

நாலு பேருக்கும் ஒரே மாதிரி வந்தது, மிக அதிகமாக. கம்பெனி டாக்டர் நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, நீங்கள் நாலு பேரும் சேர்ந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கேன்டீன் பூரி என்று பென்னி சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து கம்பெனி எண்ணெயை மாற்றியது, பூரியை நிறுத்தியது. பூரி நின்ற கோபத்தில்தான் அந்த ஊசிக் கதை ஷேர் ஆட்டோவுக்கு ஏறியிருக்க வேண்டும். நாலு பேருக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்போம், அப்போதும் இப்படி இருந்தால் நெஞ்சுப் பரிசோதனை, கிரேன்காரரை முதலில் கீழே இறக்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா என்னோடு வீடியோவில் பேசிக்கொண்டே போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, கதவைத் திறக்கப் போனாள். எனக்கு மின்விசிறி தெரிந்தது. பாக்கியராஜின் குரல் கேட்டது.

"அன்பு ஊட்ல கீறானா, தங்கச்சி?"

"வாங்கண்ணே. உள்ள தான் கீறாரு. நாஷ்டா ஆச்சா?"

"அத கேக்காத. ரசம்."

"காலைலயா?"

"காலைல, மத்தியானம், ராத்திரி. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிச்சி வந்தா ஊர்ல எல்லார் ஊட்லயும் கறி வாசன, என் ஊட்ல ரசம். ஏஞ்சல் முட்டைய கண்ணுல காட்ட மாட்றா. டாக்டர் சொல்லிட்டாராம். யார் ரத்தத்துக்கு? இதோ உக்காந்துகினு கீறானே, இவன் ரத்தத்துக்கு நான் பத்தியம் இருக்கேன்."

மாமாவின் குரல்: "மெதுவா பேசுண்ணா."

"இன்னா மெதுவா? எனக்குக் கீறது சக்கர. சக்கரைக்கு மூணு வேள ரசம் சோறு துன்னா இன்னா ஆவறது? நல்ல ரத்தம், நல்ல ரத்தம்னு சொல்லி எங்க தலைல கட்டிட்ட. இந்தா. இது என் மாத்திர. இது பென்னியுது. இது வீரராகவன் சார் குடுத்து உட்டது. மூணு பேர் மேல எழுதனது, ஆளு நீ ஒருத்தன். நீயே வெச்சிக்கோ."

மாத்திரை அட்டைகளை மேஜையில் வைக்கும் சத்தம். மின்விசிறி சுற்றியது.

அக்கா கேட்டாள்: "மாமா, அண்ணன் இன்னா சொல்றாரு?"

நாற்காலி ஒன்று நகரும் சத்தம்.

"இத்தினி நாளா என் ஒருத்தி ரத்தம்னு நெனச்சிகினு கீறேனே. பாத்துகினு தான இருந்த?"

"கிரேன்ல இருந்து எறக்கிடுவாங்க, செல்வி."

"எறக்கட்டும்."

"எறங்கி?"

பிறகு அருணாவின் குரல். மிக நிதானமாக, பாடம் படிக்கிற மாதிரி: "இது என் மாத்திரதான். பேரு ஒண்ணே. அப்பா, உனுக்கும் இது கீதா?"

அட்டையைத் திருப்பும் சத்தம். மறுபடி அருணாதான்:

"நீ போடலியா?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லடா."

"எனுக்கும் ஒண்ணும் வலிக்கலியே. அப்ப எனுக்கும் வேணா."

"சரி, நான் கெளம்பறேன்," என்றார் பாக்கியராஜ். "பேஜாரு பண்ணலாம்னு வரல. ஏஞ்சலாண்ட மட்டும் நீயே வந்து சொல்லிடு, முட்ட போடச் சொல்லி."

நான் அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன். அரிசி டப்பாவுக்கு அது கேட்டிருக்கும்.

அருணா சொன்னபடி செய்தாள். காலையில் மாத்திரையை வாங்கிக்கொள்வாள், டி.வி. பெட்டியின் மேல் கொண்டுபோய் வைப்பாள். ஒளிக்கவில்லை, தூக்கி எறியவில்லை. வரிசையாக வைத்தாள். அக்கா அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், தோசைக்குள் வைத்துப் பார்த்தாள். அருணா தோசையைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை மட்டும் எடுத்து வரிசையில் சேர்த்தாள். பத்து வயதுப் பிள்ளையின் வாயைப் பிளந்து எத்தனை நாள் போட முடியும்.

மாமா இதற்கிடையில் வேறொரு வேலையில் இருந்தார். மறுபரிசோதனைக்கு அவர் பெயரில் கை நீட்ட ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் மற்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள், இப்போது அவர் முறை. பென்னியைக் கேட்டார். பென்னி, "எனக்கு ஈரல்ல ப்ராப்ளம் மச்சான், இன்னொன்னு வந்து ஒட்டிக்கப் போவுது," என்றாராம். புதிதாகச் சேர்ந்த வெல்டர் ஒருவர் சம்மதித்திருந்தார்.

மாமாவுக்கு மதிய இடைவேளை நேரம் பார்த்து நான் போன் செய்தேன்.

"இன்னா குணா, அங்க மழையா?"

"மாமா, அருணா மாத்திரை போடலன்னு அக்கா சொன்னா."

"போட்டுப்பா. சின்னப் புள்ள."

"நீங்க போட்டா போடுவேன்றா."

"நான் போட்டா அப்பறம் டெஸ்டுக்கு வான்னுவாங்க. டெஸ்டுக்குப் போனா நெஞ்சில ஒண்ணு கண்டுபிடிப்பாங்க. தேடினா கெடைக்கும். கெடைச்சா கீழ."

"நானும்தான் மாமா போடறேன். வேலைக்குப் போய்க்கினு தான இருக்கேன்?"

"நீ இன்னா கிரேனா ஓட்ற? கம்ப்யூட்டர்ல கொக்கி தவறுனா யார் தலைல வுழும்?"

வேறு வழியில்லாமல், எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னேன்.

"அப்பா ஜன்னலோரம் உக்காந்தப்போ நாப்பத்திமூணு வயசு. அத்தை அதுக்குக்கூட வரல. உங்களுக்கு இப்ப எத்தினி மாமா? மேல கேபின்ல உக்காந்துகினு இருக்கறப்போ, கொக்கில லோடு தொங்கறப்போ அப்படி ஆனா, கீழ நிக்கறது பாக்கியராஜ் அண்ணன்."

அவருக்குப் பின்னால் கேன்டீனில் யாரோ பூரி மறுபடி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"குணசுந்தரி," என்றார் மாமா.



"அத நீ சொல்லியிருக்க வேணாம்."

போனை வைத்துவிட்டார். அன்று மாலை அக்கா கூப்பிட்டாள். மாமா வெல்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பாக்கியராஜ் வீட்டுக்குப் போய் அவர் மனைவி ஏஞ்சலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். ஏஞ்சல் முட்டையைக் கொடுத்துவிட்டு, சோற்றை நிறுத்திவிட்டாளாம். வருகிற திங்கட்கிழமை மாமா லீவு போட்டு, அருணாவையும் கூட்டிக்கொண்டு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் பெயரிலேயே அவர் ரத்தத்தைக் கொடுக்கப் போகிறார். அருணா அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். ஊசி குத்துவதை அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். பார்த்துவிட்டு, அங்கேயே தன் மாத்திரையைப் போடுவாள். அதுவரை டி.வி. பெட்டியின் மேல் இருக்கிற வரிசையை யாரும் தொடக் கூடாது.

இன்று திங்கட்கிழமை. அக்கா விடிந்ததும் பேசினாள். இருவரும் வெறும் வயிற்றோடு கிளம்பினார்கள். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட இட்லி கட்டிக் கொடுத்திருக்கிறாள். மாமா கல்யாணச் சட்டை போட்டிருந்தாராம். பேட்ஜைக் கழற்றிவிட்டிருந்தாராம்.

கொஞ்ச நேரத்தில் அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

"மாமா இப்ப பேசினாரு. பஸ் ஸ்டாப்புல நிக்கறப்போ போர்மேன் போன் பண்ணானாம். இன்னொரு ஆபரேட்டருக்குக் காச்சலாம். லோடு தொங்குதாம், ஆள் இல்லியாம். இந்த ஒரு ஷிப்டு மட்டும் வான்னானாம்."

"மாமா இன்னா சொன்னாரு?"

"பாக்கறேன்னாராம்."

"பாக்கறேன்னா?"

"எனக்கு இன்னாடி தெரியும்? பாக்கறேன்னா பாக்கறேன்தான். என்னாண்ட இத சொல்லிட்டு வெச்சிட்டாரு."

"அருணா?"

"அவ கூடத்தான் கீறா. ஊட்டுக்கு வரல."

அந்த பஸ் ஸ்டாப்பை எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் வருகிற பஸ் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போகும், ரயில் ஏறினால் சென்னை. அந்தப் பக்கம் வருகிற பஸ் கம்பெனி கேட்டுக்குப் போகும். இரண்டும் ஒரே நிறம். கேட்டுக்குள் பிள்ளையை விடமாட்டார்கள். வாட்ச்மேன் அறையில் உட்கார வைப்பார்கள். தெரிந்த வாட்ச்மேன்தான், பிஸ்கட் கொடுப்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் ஆகிவிட்டது. நான் மாமாவுக்குப் போன் போட்டேன். முழுக்க அடித்து நின்றது. சட்டைக் கையை மடித்து நீட்டிக்கொண்டிருக்கிறவரால் போனை எடுக்க முடியாது. ஏணியடி இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற போனும் இப்படித்தான் அடிக்கும்.

மறுபடி போட்டிருக்கிறேன். அடிக்கிறது.